மைலேஜ் குறைந்தால் இன்ஜெக்டர்தான் காரணமா? பழைய கார் வைத்திருப்பவர்கள் ‘ஓகே’ சொல்வதற்கு முன்...

சனிக்கிழமை காலை காரை சர்வீஸுக்கு விட்டிருப்பீர்கள். பதினோரு மணிக்கு போன் வரும். “சார், வண்டிக்குப் பத்து வருஷம் ஆச்சு. மைலேஜ் கம்மியா இருக்குனு சொல்லியிருக்கீங்க. இன்ஜெக்டர் க்ளீனிங் ஒண்ணு பண்ணிடலாமா?” இந்தப் பக்கம் இருப்பவருக்கு அது நல்லதா, கெட்டதா, தேவையா என்று எதுவும் தெரியாது. “சரி, பண்ணிடுங்க” என்று சொல்லிவிடுவார். மாலையில் பில்லில் ஒரு வரி கூடியிருக்கும். திங்கட்கிழமை ஆபீஸ் போகும்போது வண்டி கொஞ்சம் ஸ்மூத்தாக ஓடுகிற மாதிரிகூட இருக்கும். இரண்டு வாரம் கழித்து மைலேஜைக் கணக்குப் போட்டால் அதே பழைய கதை.

இன்ஜெக்டர் க்ளீனிங் ஒன்றும் ஏமாற்று வேலை இல்லை. தேவைப்படும் வண்டிக்கு முறையாகச் செய்தால், சிக்னலில் நின்று நடுங்கிக்கொண்டிருந்த கார் அமைதியாகிவிடும். ஆனால் அந்த போன் வரும் நேரத்தில், இன்ஜெக்டரை யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. பல நேரங்களில் வண்டியின் வயதை வைத்து மட்டும்தான் அந்த யோசனை சொல்லப்படுகிறது.

நிமிடத்துக்கு 400 முறை

ஆரம்பகால மாருதி 800-லும் அம்பாசடரிலும் இருந்தது கார்புரேட்டர். 2000-ஐ ஒட்டி மாசு விதிகள் இறுகியபோது, பெட்ரோல் கார்களில் அதன் இடத்தை எம்பிஎஃப்ஐ பிடித்தது. அதாவது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஒரு இன்ஜெக்டர். இன்று சாலையில் ஓடும் பழைய பெட்ரோல் கார்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இன்ஜெக்டர் என்பது விரல் நீளமே உள்ள ஒரு மின்சார வால்வு. டேங்க்கில் இருக்கும் பம்ப், சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலை இதன் தலைவரை கொண்டுவந்து நிறுத்தும். இன்ஜினின் மூளையான இசியு சிக்னல் கொடுத்ததும், சில மில்லி விநாடிகள் மட்டும் திறந்து, நுண்ணிய துளைகள் வழியாகப் பெட்ரோலைப் பனிபோலத் தூவிவிட்டு மூடிக்கொள்ளும். 800 ஆர்பிஎம்மில் வண்டி சும்மா நிற்கும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 400 முறை இப்படித் திறந்து மூடும். 3,000 ஆர்பிஎம் போனால் விநாடிக்கு 25 முறை. பத்து வருடம் ஓடிய வண்டியில் இது எத்தனை கோடி முறை நடந்திருக்கும் என்று யோசித்தால், அந்தக் குட்டி வால்வு மேல் கொஞ்சம் மரியாதை வரும்.

அழுக்கு எப்போது படிகிறது என்பதில்தான் ஒரு சுவாரஸ்யம். வண்டி ஓடும்போது அதிகம் படிவதில்லை. நிறுத்திய பிறகுதான் படிகிறது. இன்ஜினை ஆஃப் செய்ததும் கூலன்ட் ஓட்டம் நின்றுவிடும்; ஆனால் சூடு உடனே போகாது. இன்ஜெக்டர் முனையில் ஒட்டியிருக்கும் துளி பெட்ரோல் அந்தச் சூட்டில் ஆவியாகி, கனமான பகுதி மட்டும் மெல்லிய பிசின்போல மிஞ்சும். அடுத்த முறை நிறுத்தும்போது அதன்மேல் இன்னொரு படலம். நீண்ட பயணம் போகும் காரைவிட, காலையில் ஸ்கூல் ட்ராப், பிறகு கடை, மாலையில் ஜிம் என்று ஒரு நாளில் ஆறு தடவை ஸ்டார்ட் ஆகி ஆறு தடவை சூட்டோடு நிற்கும் சிட்டி காருக்குத்தான் இது அதிகம். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியும், எல்பிஜி-யிலேயே ஓடிப் பெட்ரோலையே மறந்துபோன வண்டியும் இதே பட்டியல். அங்கே நின்றுபோன பெட்ரோலே பிசினாக மாறிவிடும்.

அடைத்தால் மைலேஜ் குறையுமா? இங்கேதான் ட்விஸ்ட்

இன்ஜெக்டர் அடைத்தால் பெட்ரோல் குறைவாகத்தானே வரும், பிறகு எப்படிச் செலவு கூடும்? நியாயமான கேள்வி. பலர் இதைக் கேட்பதே இல்லை.

சைலன்சர் பாதையில் ஆக்ஸிஜன் சென்சார் ஒன்று இருக்கிறது. எரிந்த புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனைப் பார்த்து, “பெட்ரோல் பத்தல” அல்லது “அதிகமா போச்சு” என்று இசியு-வுக்குத் தகவல் சொல்வது இதன் வேலை. நான்கு இன்ஜெக்டரும் ஒரே அளவில், உதாரணத்துக்கு 8 சதவீதம், அடைத்திருந்தால் இசியு ஒவ்வொன்றையும் இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைத்துக் கணக்கைச் சரிசெய்துவிடும். ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது. மைலேஜும் பெரிதாக மாறாது.

நான்கில் ஒன்று மட்டும் அடைத்தால்தான் தலைவலி. பொதுவாக சென்சார் பார்ப்பது நான்கு சிலிண்டரின் கலவையை. ஒன்று பட்டினி கிடப்பதைப் பார்த்து, ‘மொத்தமாகவே பெட்ரோல் குறைகிறது’ என்று அது முடிவு செய்யும். உடனே இசியு நான்குக்கும் சேர்த்து அளவைக் கூட்டும். விளைவு, அடைத்த சிலிண்டர் அரை வயிறு, மற்ற மூன்றும் தேவைக்கு மேல். மைலேஜ் போவது இந்த மூன்றின் வழியாக. நடுக்கம், ‘மிஸ்ஸிங்’, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கிளம்புவது எல்லாம் அந்த ஒன்றின் வழியாக.

ஆக, இன்ஜெக்டரில் பார்க்க வேண்டியது அது எவ்வளவு அழுக்கு என்பதை அல்ல. நான்கும் சமமாக வேலை செய்கின்றனவா என்பதை. அளக்காமல் இதைச் சொல்லவே முடியாது. கிலோமீட்டரைப் பார்த்தோ, மாடல் வருடத்தைப் பார்த்தோ சொல்வது ஜோசியம்.

பங்கில் மாறிய பெட்ரோலும் கணக்கில் உண்டு

இந்தியாவில் இப்போது பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2022-ல் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2025-ல் 20 சதவீதம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலவையில் எத்தனால் கூடக் கூட, அதே தூரத்துக்கு அதிக லிட்டர் தேவைப்படும்.

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைக்கப்பட்டு 10 சதவீதக் கலப்புக்கு ட்யூன் செய்யப்பட்ட கார்களில் இ20 போட்டால் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம்வரை குறையலாம் என்று சொல்கிறது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த கார் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். 16 கொடுத்த கார் 15 கொடுக்கிறது என்றால், இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவினாலும் அந்த ஒரு கிலோமீட்டர் திரும்பாது. 16-லிருந்து 12-க்கு வந்திருந்தால், மிச்சம் 3 கிலோமீட்டரை எங்கேயோ தொலைத்திருக்கிறது. அதைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது.

எத்தனாலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது நல்ல கரைப்பான். பழைய டேங்க்கின் அடியிலும் பைப்பிலும் பல வருடம் உறங்கிக்கொண்டிருந்த படிவை இளக்கிக் கிளப்பிவிடும். அது முதலில் போய் மாட்டுவது ஃப்யூயல் ஃபில்டரில். ஃபில்டர் அடைத்தால் வரும் அறிகுறிகள், இன்ஜெக்டர் அடைத்தால் வருவதைப்போலவே இருக்கும்: ஹைவேயில் இழுவை இல்லை, மேட்டில் திணறல். பழைய காரில் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால், பெரும்பாலான ஓனர்களுக்குப் பதில் தெரியாது. சில மாடல்களில் அது டேங்க்குக்குள் பம்புடன் சேர்ந்தே இருப்பதால் யாரும் தொடுவதும் இல்லை.

முதலில் விசாரிக்க வேண்டியவர்கள்

மைலேஜ் குறைந்தால் முதல் வேலை, நிஜமாகவே குறைந்ததா என்று பார்ப்பது. டேங்க்கை ஃபுல் செய்யுங்கள். ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே பங்கில், முடிந்தால் அதே மெஷினில், முதல் தடவை ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். “முன்னாடி ஆயிரம் ரூபாய்க்கு அடிச்சா ஒரு வாரம் வரும்” என்பது கணக்கில் சேராது. அப்போது பெட்ரோல் விலை என்ன, ட்ராஃபிக் என்ன!

டயர் காற்று, சரியாக விடாமல் உரசும் பிரேக், அழுக்கேறிய ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் ப்ளக் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, செலவும் குறைவு. அதிகம் பேசப்படாத ஆள் ஒருவர் இருக்கிறார். தெர்மோஸ்டாட்.

இன்ஜின் சரியான சூட்டுக்கு வரும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பது இதன் வேலை. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்று, ஓவர்ஹீட் ஆன வண்டியில் இதைக் கழற்றித் தூரப் போட்டுவிடும் பழக்கம் நம் ஒர்க்‌ஷாப்களில் நீண்ட காலமாக உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் இது இருக்கிறதா இல்லையா என்பதே பலருக்குத் தெரியாது. இல்லாவிட்டால், அல்லது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால், இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரவே வராது. ‘இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது’ என்று நினைத்து இசியு கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். ப்ளக் கறுக்கும், மைலேஜ் சரியும், பழி இன்ஜெக்டர்மேல் விழும். ஹைவேயில் இருபது நிமிடம் ஓட்டிய பிறகும் டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வராமல் கீழேயே கிடந்தால் இவரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

வயதான ஆக்ஸிஜன் சென்சார், கரி படிந்த த்ராட்டில் பாடி, வெடிப்பு விட்ட வேக்கம் ஹோஸ் ஆகியவையும் இதேபோல வேஷம் போடக்கூடியவை.

இன்ஜெக்டரைக் கையும் களவுமாகப் பிடிப்பது

2013-க்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி போர்ட் இருக்கும். அதற்கு முந்தைய பல மாடல்களிலும் உண்டு. ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டினால் செல்போனிலேயே விவரம் வரும். பார்க்க வேண்டிய எண், ‘லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்’. இசியு தன் வழக்கமான அளவுக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதைச் சொல்லும் எண் இது. பூஜ்யத்தை ஒட்டி, இந்தப் பக்கம் ஐந்து அந்தப் பக்கம் ஐந்து என்று இருந்தால் கவலை இல்லை. பிளஸ் 10-ஐத் தாண்டினால் எங்கோ பெட்ரோல் போதவில்லை, அல்லது கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலில் மட்டும் அதிகமாகக் காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் சரியாகிவிட்டால் பெரும்பாலும் காற்றுக் கசிவு. வேகமும் லோடும் கூடக் கூட எண்ணும் ஏறினால் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் சந்தேகம் திரும்பும்.

ஸ்கேனர் இல்லாத காலத்து வித்தை ஒன்று இன்றும் செல்லும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். நான்கிலும் ஒரே மாதிரி ‘டக் டக் டக்’ வர வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாகவோ மௌனமாகவோ இருந்தால் அங்கே விஷயம் இருக்கிறது. ஓடும் ஃபேன் பெல்ட் பக்கத்தில் இருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் இதை ரீல்ஸுக்காகச் செய்து பார்க்க வேண்டாம்.

இன்னும் உறுதியாக வேண்டுமா? இடம் மாற்றிப் பார்ப்பதுதான். இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று ஸ்கேனர் சொல்கிறதா? முதலில் அந்த இக்னிஷன் காயிலை மூன்றாவதற்கு மாற்ற வேண்டும். தனித்தனி காயில் உள்ள வண்டி என்றால் பத்து நிமிட வேலை. கோளாறும் கூடவே மூன்றுக்குப் போனால் குற்றவாளி காயில். அடுத்து ப்ளக்கையும் மாற்றிப் பார்த்து, எதற்கும் அசையாமல் இரண்டிலேயே நின்றால் அதன் பிறகு இன்ஜெக்டரைக் கழற்றலாம். நல்ல மெக்கானிக்குகள் இந்த வரிசையில்தான் போவார்கள்.

மூன்று விதமான ‘க்ளீனிங்’

பில்லில் ‘இன்ஜெக்டர் க்ளீனிங்’ என்று ஒரே பெயரில் வரும். ஆனால் அது மூன்றில் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலாவது, டேங்க்கில் ஊற்றும் பாட்டில். சில நூறு ரூபாய். பாலிஈதர் அமீன் என்ற வேதிப்பொருள் உள்ளவை படிந்த பிசினை மெதுவாகக் கரைக்கக்கூடியவை. லேசான படிவுக்கு, அதுவும் கழற்றும் முன் ஒரு முயற்சியாக, இது போதும். லேபிளில் எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்று இருக்கிறதோ அவ்வளவுதான். இரட்டிப்பாக ஊற்றினால் இரட்டிப்புப் பலன் கிடைக்காது. ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்க்கில் போடுவது நல்லது. உள்ளே மணலோ துருவோ சிக்கியிருந்தாலும், இன்ஜெக்டரின் காயில் போயிருந்தாலும் பாட்டிலால் ஒன்றும் ஆகாது.

இரண்டாவது, வண்டியிலேயே வைத்துச் செய்வது. பெட்ரோல் பம்பை நிறுத்திவிட்டு, ஒரு குடுவையில் உள்ள க்ளீனிங் திரவத்தை நேரடியாக ஃப்யூயல் ரெயிலில் இணைத்து, அதிலேயே இன்ஜினை ஓட விடுவார்கள். பாட்டிலைவிடத் தீவிரமானது. சர்வீஸ் சென்டர்கள் போனில் சொல்வது அநேகமாக இதுதான். குறை என்னவென்றால், நான்கும் சமமாயிற்றா என்று இதில் தெரியாது. முன்பும் அளக்கவில்லை, பின்பும் அளக்கவில்லை.

மூன்றாவதுதான் முழு வேலை. இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் மாட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய். ஒரே நேரம், ஒரே அழுத்தம், ஒரே சிக்னல் கொடுத்து ஓடவிட்டால், எது எவ்வளவு ஊற்றுகிறது என்பது கண்முன்னே ஏறும். மூன்று குழாய் 60, 59, 58 மில்லி காட்டி, ஒன்று மட்டும் 48-ல் நின்றால், வேறு விளக்கம் தேவையில்லை. ஸ்ப்ரே விசிறிபோல விரிகிறதா, குழாய்த் தண்ணீர்போல ஒரே கம்பியாக விழுகிறதா என்பதும் தெரியும். மூடியிருக்கும்போது சொட்டுகிறதா என்றும் பார்ப்பார்கள். சொட்டும் இன்ஜெக்டர் தனி ரகம்: சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், பெட்ரோல் வாடை வரும், மிஞ்சிய பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கவைக்கும்.

பிறகு அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு, திறந்து மூடவைத்தபடியே கழுவி, மறுபடி பெஞ்சில் அளப்பார்கள். 48 இப்போது 58 ஆகியிருந்தால் வேலை முடிந்தது. 50-ஐத் தாண்டவில்லை என்றால் அந்த ஒன்றை மாற்ற வேண்டியதுதான். செலவு ஆயிரங்களில் வரும், ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கையில் எண் கிடைக்கும். எனவே அந்தச் சனிக்கிழமை போனுக்கு ஏற்ற பதில் இதுதான்: “கழற்றிச் செய்வீங்களா, வண்டியிலயேவா? முன்னாடி பின்னாடி ஃப்ளோ ரீடிங் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் பண்ண முடியுமா?” இன்னொன்றும் செய்யலாம். காரோடு வந்த ஓனர்ஸ் மேனுவலில் பராமரிப்பு அட்டவணையைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ‘ஒவ்வொரு சர்வீஸுக்கும் இன்ஜெக்டர் க்ளீனிங்’ என்று ஒரு வரி இருக்காது.

விலை பேசும்போதே கேட்க வேண்டியது ஓ-ரிங். இன்ஜெக்டரின் மேலும் கீழும் இருக்கும் ரப்பர் வளையம். கழற்றினால் புதிது போட வேண்டும். பத்து வருடம் சூட்டில் வெந்து இறுகிய வளையத்தையே திரும்ப மாட்டினால், 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் கசிந்து சூடான இன்ஜின்மேல் விழும். அடுத்து நடக்கக்கூடியது தீ. சில ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் அதுவல்ல. இன்ஜெக்டர் தலைக்குள் இருக்கும் குட்டி வடிகட்டியையும் கிடைத்தால் மாற்றச் சொல்லலாம். மெயின் ஃப்யூயல் ஃபில்டரை மாற்றாமல் இன்ஜெக்டரை மட்டும் கழுவினால், குடத்தைத் தேய்த்துவிட்டுச் சேற்றுத் தண்ணீரையே பிடிக்கிற கதைதான்.

வீட்டில் செய்யலாமா?

இணையத்தில் ஏராளமான வீடியோக்கள் சுற்றுகின்றன. சிரிஞ்ச், கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே, இரண்டு வயர், ஒரு பேட்டரி. பார்க்க ஈஸியாகத்தான் இருக்கிறது. மில்லி விநாடிக் கணக்கில் திறந்து மூடுவதற்கென்று செய்த காயிலுக்கு 12 வோல்ட்டைத் தொடர்ந்து கொடுத்துப் பிடித்தால் அது சூடேறிக் கருகலாம். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துளையின் வடிவமே போய்விடும். பிறகு எந்தத் தொட்டியில் போட்டாலும் ஸ்ப்ரே திரும்பாது. தின்னர், மண்ணெண்ணெய் கலந்து டேங்க்கில் ஊற்றும் நாட்டு வைத்தியம் பம்பையும் ரப்பர் பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேல், வேலையே பெட்ரோலோடு. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில், லைனில் அழுத்தம் இருக்கும்போதே ரெயிலைக் கழற்றுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் பெட்ரோல் காருக்கு. டீசல் என்றால் கதை வேறு. காமன் ரெயில் இன்ஜினில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். ஓடும்போது லூசான ஒரு இணைப்பிலிருந்து பீறிடும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவுக்குச் சக்தி கொண்டது. வெளியே சிறிய புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். பல மாடல்களில் இன்ஜெக்டரை மாற்றினால் அதன் கோடை இசியு-வில் பதியவும் வேண்டும். டீசல் இன்ஜெக்டருக்கென்றே இருக்கும் பம்ப் ஒர்க்‌ஷாப்தான் அதற்கு இடம்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது உடனே ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ஆன் மட்டும் செய்யச் சொல்லுங்கள். பம்ப் இரண்டு விநாடி ஓடி அழுத்தம் ஏற்றும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, பானெட்டைத் திறந்து ரெயில் ஓரம் ஈரம் இருக்கிறதா, வாடை வருகிறதா என்று பாருங்கள். உலர்ந்திருந்தால் ஸ்டார்ட் பண்ணலாம். முதல் நாளிலேயே மைலேஜ் பார்க்க வேண்டாம்; பழைய அழுக்குக்கு ஏற்ப இசியு கற்றுவைத்திருந்த கணக்கை அது மறந்து புதிதாகக் கற்க, ஒன்றிரண்டு நாள் வழக்கமான ஓட்டம் வேண்டும். அதன் பிறகு அதே பங்க், அதே ஃபுல் டேங்க், அதே 300 கிலோமீட்டர். ஸ்கேனரில் பிளஸ் 14-ல் நின்ற எண் இப்போது பிளஸ் 3 என்று காட்டினால் இன்ஜெக்டர்தான் காரணமாக இருந்திருக்கிறது. அசையவே இல்லை என்றால், தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.